ஹெதுவா பக்கத்துப் பள்ளிக்கூடமும் ஒரே கேள்வித்தாளும்

மகளிர் தினம் நெருங்கினால் போதும், எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். பழுப்பேறிய புகைப்படம், அதில் புடவை கட்டிய ஒரு வங்காளப் பெண். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதலில் பட்டம் வாங்கிய இரண்டு பெண்களில் ஒருவர், டாக்டர் காதம்பினி கங்குலி என்று கீழே எழுதியிருக்கும். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் விழும். அடுத்த நிமிஷம் யாராவது லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்பார்கள். அதோடு காதம்பினி அடுத்த மார்ச் வரைக்கும் காணாமல் போய்விடுவார்.

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. பேலன்ஸ் ஷீட் படிப்பதுதான் பிழைப்பு என்பதால், எந்தப் பெருமையைப் பார்த்தாலும் அதன் அடியில் இருக்கும் கணக்கைத் தேடுகிற புத்தி எனக்கு. தேடினேன். அந்தச் செய்தியில் பாதிதான் சரி. கனடாவில் கிரேஸ் லாக்ஹார்ட் 1875-லும், நியூசிலாந்தில் கேட் எட்ஜர் 1877-லும் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு நாடுமே அதே சாம்ராஜ்யத்தில் இருந்தவைதான். ஆனால் இந்தியாவில் முதல் பெண் பட்டதாரிகள் என்பது சரி. காதம்பினி பாசு, சந்திரமுகி பாசு இருவரும் 1882-ஆம் வருஷத்து பி.ஏ. தேர்வில் தேறி, 1883-ல் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கினார்கள்.

யார் முதல் என்கிற சண்டையை விட எனக்கு சுவாரசியமாக இருந்தது வேறொன்று. பத்து வயதுக்குள் கல்யாணம் முடிந்துவிடுகிற காலத்தில், ஒரு பெண்ணை பி.ஏ. வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தின பள்ளிக்கூடம் எது? அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? யார் என்ன பாடம் படிக்கலாம் என்று எப்படி முடிவு செய்தார்கள்? பெண் குழந்தை இருக்கிற வீடுகளில் இன்றைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கிற பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வட கொல்கத்தாவில் விதான் சரணி என்கிற தெரு. பழைய பேர் கார்ன்வாலிஸ் தெரு. அதில் ஹெதுவா என்று ஒரு குளமும் பூங்காவும் உண்டு. அதற்கு எதிரே இருக்கிறது பெதூன் பள்ளி. பக்கத்திலேயே பெதூன் கல்லூரி. நம் ஆட்களில் பெரும்பாலானோர் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பதால் இந்தப் பக்கம் வருவது குறைவு. கிரீஷ் பார்க் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

பெதூன் என்பது ஆளின் பேர். ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெதூன். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து வக்கீலானவர். 1848-ல் கவர்னர் ஜெனரல் கவுன்சிலில் சட்ட உறுப்பினராகக் கல்கத்தா வந்தார். அடுத்த வருஷமே, 1849 மே 7-ம் தேதி, 21 பெண் குழந்தைகளோடு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். இடம் கொடுத்தவர் தட்சிணாரஞ்சன் முகர்ஜி. தன் இரண்டு பெண்களையும் அனுப்பிவைத்து, சம்பளம் வாங்காமல் பாடமும் நடத்தி, குழந்தைகளுக்கு அரிச்சுவடிப் புத்தகமும் எழுதியவர் மதன்மோகன் தர்க்காலங்கார் என்கிற சம்ஸ்கிருதப் பண்டிதர். அடுத்த வருஷம் செயலாளராக வந்து சேர்ந்தவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர்.

இதுதான் இந்தியாவின் முதல் பெண்கள் பள்ளி என்று இங்கே சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. மிஷனரிகள் 1820-களிலேயே கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார்கள். பக்கத்து பாராசாத்தில் 1847-ல் உள்ளூர்க்காரர்களே ஒன்று தொடங்கினார்கள். புனேயில் சாவித்திரிபாய் புலே 1848-ல் தொடங்கினார். பெதூன் பள்ளியில் புதுசு என்னவென்றால், மதம் சொல்லிக்கொடுக்காத பள்ளி, பெரிய குடும்பத்துப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து படிக்கிற பள்ளி என்பதுதான்.

வெளியே வருவது என்றால் நடந்து வருவது இல்லை. பள்ளிக்கூடமே குதிரை வண்டி அனுப்பும். மகளையும் மகனைப் போலவே கவனமாக வளர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று பொருள் வருகிற ஒரு சம்ஸ்கிருத வாக்கியத்தை அந்த வண்டியின் பக்கவாட்டில் எழுதிவைத்தார்கள். சாஸ்திரம் பேசி மறிக்க வருகிறவனுக்கு சாஸ்திரத்தாலேயே பதில்! வித்யாசாகரும் மற்றவர்களும் ஊரை நன்றாகவே அறிந்து வைத்திருந்தார்கள்.

என்ன பாடம்? வங்காள மொழியில் எழுத்து, படிப்பு, கணக்கு, கூடவே தையல். பெற்றோர் கேட்டால் மட்டும் ஆங்கிலம். அவ்வளவுதான். பெதூன் தன் கைக்காசைக் கொட்டினார். ஹெதுவா அருகே கட்டடத்துக்கு 1850 நவம்பரில் அஸ்திவாரம் போட்டார்கள். ஆனால் 1851 ஆகஸ்டிலேயே பெதூன் இறந்துபோனார். தன் சொத்தைப் பள்ளிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு 1856 வரை டல்ஹௌசி தன் பணத்தில் பள்ளியைத் தாங்கினார். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் பெதூனின் சமாதி இருக்கிறது.

இனி வங்கிக்காரியாகப் பேசுகிறேன். 1849-ல் ஆரம்பித்த பள்ளியிலிருந்து 1877 வரை எத்தனை பெண்கள் பல்கலைக்கழகத்து நுழைவுத் தேர்வு எழுதினார்கள்? பூஜ்யம். இருபத்தெட்டு வருஷம். இந்தக் கணக்கு என் மேஜைக்கு வந்திருந்தால், கடன் கமிட்டி எப்போதோ வாராக்கடன் முத்திரை குத்தி மூடியிருக்கும்.

குழந்தைகள் மக்குகள் என்று அர்த்தமில்லை. ஒன்பது, பத்து வயதில் கல்யாணம் ஆகிவிடும். அதோடு வண்டி அந்த வீட்டு வாசலில் நிற்பதும் நின்றுபோகும். மேலே படிக்கவைக்க ஆசிரியை வேண்டும், ஆண் ஆசிரியர் என்றால் பெரிய பெண்ணை அனுப்ப மாட்டார்கள். ஆசிரியையாக வர ஒரு பெண் மேலே படித்திருக்க வேண்டும். மேலே படிக்க ஆசிரியை வேண்டும்! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். 1866-ல் இங்கிலாந்திலிருந்து வந்த மேரி கார்ப்பென்டர் இதைப் பார்த்துவிட்டு, முதலில் ஆசிரியைகளைத் தயார் செய்யுங்கள் என்று சொல்லிப்போனார். அதற்கென்று தொடங்கிய பயிற்சிப் பள்ளி சில வருஷங்களிலேயே ஆளில்லாமல் மூடப்பட்டது.

முடிச்சு அவிழ்ந்தது வேறொரு பள்ளியில். அதற்குக் காரணமாக இருந்தது ஒரு சண்டை. பெண்களுக்குக் கணக்கு எதற்கு என்கிற சண்டை.

1870-ல் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் இங்கிலாந்து போய், இந்தியப் பெண்களுக்குக் கல்வி கொடுக்க வாருங்கள் என்று மேடைகளில் பேசினார். அதைக் கேட்டு நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டார் அன்னெட் ஆக்ராய்ட். 1872 கடைசியில் கல்கத்தாவில் இறங்கினார். வந்து பார்த்தால் கேசவர் மனதில் இருந்த கல்வி வேறு, ஆக்ராய்ட் நினைத்து வந்த கல்வி வேறு. பெண்களுக்குப் பெண்களுக்கேற்ற படிப்பு போதும், ஜியாமெட்ரி எல்லாம் படித்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது கேசவர் கட்சி. அவர் பள்ளியிலேயே பாடம் எடுத்த சிவநாத் சாஸ்திரி, ஜியாமெட்ரியும் தர்க்க சாஸ்திரமும் சொல்லிக்கொடுத்தால்தான் அது படிப்பு என்று வாதாடினார். அவரோடு சேர்ந்தவர்கள் வக்கீல் துர்காமோகன் தாஸ், பத்திரிகைக்காரர் துவாரகாநாத் கங்குலி, பிறகு ஆனந்தமோகன் போஸ்.

கேசவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14 என்று வைத்த 1872 சட்டத்துக்காகப் பாடுபட்டவர் அவர். அவரே 1878-ல் தன் 13 வயது மகளைக் கூச் பிஹார் மகாராஜாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். சமாஜம் இரண்டாக உடைந்தது. பெண்களுக்கு நல்லது செய்ய நினைத்தவர்தான். எது நல்லது, எவ்வளவு நல்லது என்கிற அளவுகோல் மட்டும் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். அப்படிப்பட்ட அப்பாக்களும் மாமாக்களும் எல்லோர் வீட்டிலும் உண்டுதானே?

1873-ல் ஆக்ராய்ட் தன் பள்ளியைத் தொடங்கினார். பேர் ஹிந்து மகிளா வித்யாலயம். பெரிய பெண்கள் தங்கிப் படிக்கிற விடுதிப் பள்ளி. 1875-ல் அவர் ஹென்றி பெவரிட்ஜ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை மணந்துகொண்டு போனதும் பள்ளி நின்றுபோனது. (பிற்காலத்தில் இங்கிலாந்தின் சமூகக் காப்பீட்டுக்கு அடித்தளம் போட்ட 1942 பெவரிட்ஜ் அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ் இவருடைய மகன்தான்.) துர்காமோகன் கூட்டாளிகள் விடவில்லை. 1876 ஜூனில் பாலிகஞ்ச் பக்கம் வங்க மகிளா வித்யாலயம் என்ற பேரில் அதை மறுபடி திறந்தார்கள். பொறுப்பாசிரியர் துவாரகாநாத் கங்குலி.

இந்தப் பள்ளியைத்தான் இன்றைய பாஷையில் கல்லூரிக்குத் தயார் செய்கிற முதல் பெண்கள் உயர்நிலைப் பள்ளி என்று சொல்ல வேண்டும். வீட்டு நிர்வாகமும் தையலும் இங்கேயும் உண்டு. ஆனால் குறி முழுக்க பல்கலைக்கழகத்து என்ட்ரன்ஸ் தேர்வின் மேல். 1857-ல் ஆரம்பித்த கல்கத்தா பல்கலைக்கழகம் தானே நடத்திய தேர்வு அது. பள்ளிப் படிப்பின் முடிவும் கல்லூரிப் படிப்பின் வாசலும் அதுதான். ஆங்கிலம், இரண்டாவது மொழி, சரித்திரமும் பூகோளமும், கணிதம். கணிதம் என்றால் எண்கணிதம், அல்ஜீப்ரா, அப்புறம் யூக்ளிடின் ஜியாமெட்ரி. கேசவர் வேண்டாம் என்று சொன்ன அதே ஜியாமெட்ரி. பெண்களுக்கு ஏற்ற பாடப்புத்தகம் கிடைக்காததால், கணிதம், பூகோளம், சுகாதாரம் மூன்றுக்கும் துவாரகாநாத் தானே புத்தகம் எழுதினார்.

அங்கே படித்த மூன்று பெண்களைச் சொல்ல வேண்டும். பாகல்பூரில் தலைமையாசிரியராக இருந்தவரின் மகள் காதம்பினி. துர்காமோகன் தாஸின் மகள்கள் சரளா, அபலா.

பள்ளி தயார், பெண்கள் தயார். தேர்வு நடத்துகிற பல்கலைக்கழகம் தயாராக இல்லை. 1876-ல் டேராடூனில் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் படித்த சந்திரமுகி பாசு என்ட்ரன்ஸ் எழுத அனுமதி கேட்டார். பல்கலைக்கழகம் ஒரு வழி கண்டுபிடித்தது. அவர் எழுதலாம். திருத்துகிறவர்கள் தேறுகிற தரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். ஆனால் தேறியவர்கள் பட்டியலில் அவர் பேர் வராது! எழுதினார். தரம் இருந்தது. பேர் வரவில்லை.

ஒரு ரிசல்ட் நாள் காலையில் பேப்பரில் நம்பரைத் தேடிய தலைமுறை நாம். பேர் இருந்தே ஆகவேண்டிய பட்டியலில் பேர் இல்லாமல் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

துவாரகாநாத்தும் நண்பர்களும் பல்கலைக்கழகத்தை நச்சரித்தார்கள். முதலில் உங்கள் பெண்களுக்கு ஒரு முன்னோட்டத் தேர்வு வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். 1877-ல் காதம்பினியும் சரளாவும் அதை எழுதித் தேறினார்கள். 1878 ஏப்ரலில் செனட் கதவைத் திறந்தது. பெண்கள் எழுதலாம், தனி இடத்தில், பெண் மேற்பார்வையாளர்கள் முன்னால். கேள்வித்தாள் மட்டும் பையன்களுக்குக் கொடுக்கிற அதே கேள்வித்தாள்.

இந்த இடம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. லண்டன் பல்கலைக்கழகம் 1860-களின் கடைசியில் பெண்களுக்கென்று தனியாக ஒரு தேர்வு ஏற்படுத்தியது. தேறினால் சான்றிதழ் உண்டு, பட்டம் கிடையாது. தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட லண்டனுக்கும் 1878 ஆயிற்று. கல்கத்தாவிலும் மகளிர் தேர்வு என்று ஒன்றை வைத்திருந்தால் எல்லோரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் இலக்கியம், கொஞ்சம் தையல், ஒரு வெள்ளிப் பதக்கம். அந்தப் பதக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்குள்ளும் நுழைந்திருக்க முடியாது. அறை தனியாக இருக்கட்டும், வண்டிக்குத் திரை போட்டுக்கொள்ளட்டும், கேள்வித்தாள் ஒன்றாக இருக்கட்டும் என்று நின்றார்கள் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது பேரம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை.

1878 ஆகஸ்டில் வங்க மகிளா வித்யாலயம் பெதூன் பள்ளியோடு இணைந்தது. கட்டடமும் அரசாங்கப் பணமும் அவர்களிடம் இருந்தன, படிக்கத் தயாரான பெண்கள் இவர்களிடம் இருந்தார்கள். அந்த டிசம்பரில் காதம்பினி தேர்வு எழுதினார். இரண்டாம் வகுப்பில் தேறினார். முதல் வகுப்பு ஒரே ஒரு மார்க்கில் போயிற்று.

சரளா எழுதவில்லை. முன்னோட்டத் தேர்வில் காதம்பினியோடு சேர்ந்து தேறியவர்தான். நடுவில் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளை பிரசன்ன குமார் ராய், நன்றாகப் படித்த பேராசிரியர். அப்பா, பெண் படிப்புக்காக ஊரையே எதிர்த்தவர். அப்படிப்பட்ட வீட்டிலேயே தேர்வுத் தேதி கல்யாணத் தேதியிடம் தோற்றது. எழுதாத அந்தத் தேர்வு அவர் மனதில் எப்படித் தங்கியது என்று நமக்குத் தெரியாது. 1920-ல் கொல்கத்தாவில் கோகலே மெமோரியல் பெண்கள் பள்ளியைத் தொடங்கியவர் அதே சரளா ராய். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

காதம்பினி தேறியதும் அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல். அடுத்து எஃப்.ஏ. படிக்க வேண்டும், நம்ம பிளஸ் டூ மாதிரி இரண்டு வருஷப் படிப்பு. ஆண்கள் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? பெதூன் பள்ளிக்குள்ளேயே 1879-ல் கல்லூரி வகுப்பு ஆரம்பித்தார்கள். கட்டாக்கிலிருந்து சசிபூஷண் தத்தா என்ற ஆசிரியரை வரவழைத்தார்கள். ஒரு மாணவி, ஒரு பேராசிரியர், ஒரு கல்லூரி.

எந்த வங்கியின் திட்ட மதிப்பீட்டிலும் இது தேறாது. ஆனால் நான்கே வருஷத்தில் அந்த வகுப்பு இந்தியாவின் முதல் இரண்டு பெண் பட்டதாரிகளைக் கொடுத்துவிட்டது. தேவை வந்த பிறகு வாசல் வைப்போம் என்று காத்திருந்தால் தேவை வராது, வாசல் இருந்தால்தான் ஆள் வரும். இருபத்தெட்டு வருஷம் பூஜ்யமாக இருந்த கணக்கு அப்புறம் போன வேகத்தைப் பாருங்கள். சந்திரமுகி 1884-ல் எம்.ஏ. முடித்து, அங்கேயே ஆசிரியையாகி, 1888-ல் கல்லூரி தனியானபோது அதன் முதல்வரானார். காமினி சென் 1886-ல் சம்ஸ்கிருதத்தில் ஆனர்ஸ் பட்டம் வாங்கி அங்கேயே ஆசிரியையானார். பிற்காலத்தில் கவிஞர் காமினி ராய் என்று வங்காளமே கொண்டாடியது இவரைத்தான். ஆசிரியை இல்லாததால் மாணவி இல்லை, மாணவி இல்லாததால் ஆசிரியை இல்லை என்றிருந்த முடிச்சு பத்தே வருஷத்தில் அவிழ்ந்துவிட்டது.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு என் ஊர்ப் பள்ளி நினைவுக்கு வந்தது. பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு. பிளஸ் ஒன் சேரப் போனால் அங்கே இருந்ததே இரண்டு குரூப்தான், காமர்ஸும் மனையியலும். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்கள் பள்ளியில் முதல் குரூப் இருந்தது. பெண்களுக்கு முதல் குரூப் வேண்டுமென்றால் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்குத் தினமும் பஸ் எதுக்கு, காமர்ஸ் படிச்சா பேங்க் வேலை கிடைக்கும்ல என்றார் எங்கள் அப்பத்தா. கிடைத்தது. அப்பத்தா வாக்கு பொய்க்கவில்லை. காமர்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதன்மேல் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் அதை நானும் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. எங்கள் பள்ளியின் டைம்டேபிள் எடுத்த முடிவு அது. என் வகுப்பில் எழுபது பேர். எழுபது பேருக்கும் சேர்த்து ஒரு டைம்டேபிள் முடிவு செய்தது.

இனி நம்ம ஊருக்கு ஒரு பாலம். துர்காமோகனின் இன்னொரு மகள் அபலா 1881-ல் என்ட்ரன்ஸ் தேறினார். டாக்டருக்குப் படிக்க ஆசை. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875-லேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் 1882-ல் வங்காள அரசாங்கம் ஸ்காலர்ஷிப் கொடுத்து அபலாவைச் சென்னைக்கு அனுப்பியது. அன்றைக்கு ஒரு வங்காளிப் பெண் மொழி தெரியாத சென்னையில் தனியாகப் படித்தாள் என்பதை, இன்று கொல்கத்தாவில் மொழி தெரியாமல் மீன்காரரிடம் பேரம் பேசுகிற நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். உடம்பு சரியில்லாமல் போனதால் அபலாவால் அந்தப் படிப்பைத் தொடர முடியவில்லை. 1887-ல் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸை மணந்தார். 1919-ல் நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி, வங்காளத்தின் கிராமங்களில் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார்.

சென்னை சேர்த்துக்கொண்டது கல்கத்தாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். 1883-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி காதம்பினியைச் சேர்த்தது. அதே வருஷம் அவர் மணந்துகொண்டது துவாரகாநாத் கங்குலியை. 1886-ல் மருத்துவப் படிப்பை முடித்து, 1893-ல் இங்கிலாந்து போய் எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் மருத்துவத் தகுதிகளையும் வாங்கி வந்தார். நம்ம வாட்ஸப் படத்தில் இருப்பவர் இவர்தான்.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கணக்கு முடியாது. பற்றுப் பக்கமும் இருக்கிறது. பெதூன் பள்ளி பெரிய ஹிந்துக் குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது. கிறிஸ்தவப் பெண்ணான சந்திரமுகி எஃப்.ஏ. படிக்க அங்கே இடம் கிடைக்கவில்லை, ஃப்ரீ சர்ச் பள்ளியில் படித்து 1880-ல் தேறினார். பி.ஏ. வகுப்புக்குத்தான் கதவு திறந்தது. முஸ்லிம் பெண்கள் நிலைமை இன்னும் மோசம். பேகம் ரொக்கேயா 1911-ல் எட்டுப் பெண்களோடு கொல்கத்தாவில் சகாவத் மெமோரியல் பள்ளியைத் தொடங்கினார். பெதூனின் வண்டி ஓட ஆரம்பித்து அறுபத்திரண்டு வருஷம் கழித்து. அவரும் முதலில் வண்டிக்குத்தான் அலைந்தார். காற்றே நுழையாத அளவுக்குத் திரை போட்டால் குழந்தைகள் மயங்கி விழுகிறார்கள், திரையைக் குறைத்தால் பெற்றோர் மிரட்டிக் கடிதம் எழுதுகிறார்கள். ஏழை வீட்டுப் பெண்ணுக்கோ, வண்டி போகாத தெருவில் இருக்கிற சாதிப் பெண்ணுக்கோ இந்த இரண்டு கதையிலுமே இடமில்லை. ஒரே கேள்வித்தாள் என்பது பெரிய வெற்றிதான். அந்தத் தேர்வு அறை வரைக்கும் யாரால் வர முடிந்தது என்பது வேறு கணக்கு, இன்னும் முடியாத கணக்கு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1920 ஆயிற்று. பெதூன் படித்த கேம்பிரிட்ஜ் 1948-ல்தான் முழுப் பட்டம் கொடுத்தது. அவர் பேரில் இருந்த பள்ளியிலிருந்து பெண்கள் பட்டம் வாங்கி அறுபத்தைந்து வருஷம் கழித்து!

என் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. இங்கே நம் குடும்பங்களில் நிறையப் பேருக்கு இதே வயதில் பெண்கள் இருக்கிறார்கள். பெண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை போடுகிறோம். பாதுகாப்பா, பஸ் வருமா, டாய்லெட் சுத்தமா என்று கேட்கிறோம். எல்லாம் கேட்க வேண்டியவைதான். துவாரகாநாத் கேட்ட கேள்வியையும் கூடச் சேர்த்துக் கேளுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். இந்தப் பள்ளியில் பிளஸ் ஒன்னில் என்னென்ன பாடப்பிரிவு இருக்கிறது? கணிதமும் இயற்பியலும் எடுத்த பெண்கள் எத்தனை பேர்? அதற்கு நிரந்தர ஆசிரியர் உண்டா, இல்லை பாதி வருஷம் காலி இடமா? பெண்கள் பள்ளியாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. காதம்பினி படித்ததும் பெண்கள் பள்ளிதான். உள்ளே என்ன கேள்வித்தாளுக்குத் தயார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது எல்லாம்.

அதன் பிறகு பெண் காமர்ஸ் எடுக்கட்டும், சம்ஸ்கிருதம் எடுக்கட்டும், சமையற்கலை எடுக்கட்டும். எல்லாக் கதவும் திறந்திருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது அவள் விருப்பம்.

அடுத்த முறை காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் புத்தகம் வாங்கப் போனால், அப்படியே வடக்கே ஹெதுவா வரை நடந்துவிட்டு வாருங்கள். குளத்தங்கரையில் நின்றாலே பள்ளியின் தூண்கள் தெரியும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ படித்த பெண்கள் பள்ளியில் என்ன பாடம் இருந்தது, என்ன பாடம் இல்லை என்று அவர்களிடமே கேட்டு இங்கே எழுதுங்கள். ஊர் பேரும் வருஷமும் இருந்தால் போதும். எங்கள் அம்மாவிடம் நேற்று போனில் கேட்டேன். எட்டாவதோடு நின்றதற்குக் காரணம் வீட்டில் யாரும் தடுத்ததில்லையாம். அந்தப் பள்ளியில் ஒன்பதாவதே கிடையாதாம்.